டோலி செத்த பிறகு பெரில்

தொலைக்காட்சித் தொடரில் செத்துப்போன அன்று மாலையிலிருந்து பெரில் ஆஷ்வர்த்தின் உடம்பு, இங்கிலாந்துக் கடற்கரை ஊரான பிளாக்பூலில் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது. உடுத்தியிருந்த துணிமணி மட்டும் பழையபடி நன்றாகவே தெரிந்தது. 'கால்வாய்க்கரை' தொடரில் மதுக்கடை டோலியாகப் பல வருஷம் பீர் ஊற்றிக் கொடுத்தவள். கதை சூடுபிடிக்கட்டும் என்று டோலியைக் கால்வாயில் விழவைத்தார்கள். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தியபடி அவள் மூழ்கியதை நாடே பார்த்தது, அழுதது, பிறகு எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தது. அந்தக் காட்சியைப் பார்த்த எவருக்கும் அதன்பின் பெரில் தெரியவில்லை. தன் நடிப்பைத் தானே பார்த்து மூக்கைச் சிந்திய பெரிலுக்கும் கண்ணாடியில் வெறும் கவுன்தான் தெரிந்தது.

பார்க்காமல் விட்டவன் அவள் கணவன் வில்ஃப் ஒருவன்தான். கடற்கரை டிராம் ஓட்டுகிறவன். அந்நேரம் ஆளே ஏறாத வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு எட்னா மலர்வளையமும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் கொண்டுவந்து பெரிலின் கவுனிடம் நீட்டினாள். "புடிடி, டோலிக்காகப் பண்ணது. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் நீ தெரியிறியாமே? எனக்கு வாய்ச்சதோட மூஞ்சி எனக்குத் தெரியாமப் போனா எவ்வளவு நல்லாருக்கும்!"

பெரில் தயாரிப்பாளருக்குத் தொலைபேசியில் கெஞ்சினாள். "டோலிக்கு இரட்டைத் தங்கச்சின்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்களேன், சார்."

"அதைப் போன வருஷமே இன்னொருத்திக்குப் பண்ணிட்டோமேம்மா" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

வேறு வழியில்லாமல், கடல்பாலத்து முனையிலிருந்த அரங்கில் பர்லெஸ்க் ஆடப் போனாள். இறகு விசிறியோடு வந்து, கூட்டத்தைச் சிரிக்க வைத்தபடியே ஒவ்வொன்றாகக் களைகிற ஆட்டம் அது. கையுறையைக் கழற்றினாள், உள்ளே கை இல்லை. காலுறையை உருவினாள், கால் இல்லை. கடைசியில் விசிறி மட்டும் அந்தரத்தில் அசைந்து வணக்கம் சொல்லும், அரங்கு அதிரும். ஆபாசம் என்று ஒரு பாதிரியார் புகார் கொடுத்தார். நகரசபை அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதினார்கள். அதை உறுதிசெய்ய அடுத்த வாரமும் வந்தார்கள்.

ஊரே கைதட்டினாலும் வீடு திரும்பியதும் அவள் கேட்பது ஒன்றுதான். "வில்ஃப், நான் எப்படி இருக்கேன்?"

"இடது கண்ணுக்குக் கீழ மை அப்பியிருக்கு, கண்ணு" என்பான். துடைத்துக்கொள்வாள். தலை நரைக்கத் தொடங்கியதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்கிருந்த ஒரே கண்ணாடி அவன். அந்தக் காட்சி தவறியும் அவன் கண்ணில் படக்கூடாதென்று தொலைக்காட்சிப் பெட்டியை எட்னாவுக்குக் கொடுத்தார்கள். மதுக்கடையில் பெட்டி ஓடினால் வில்ஃப் திரும்பி நின்றே குடித்தான். "சுவத்துல என்ன மச்சான், உன் மாமியாரா தெரியுறா?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

இடுப்பெலும்பு முறிந்து வில்ஃப் மருத்துவமனையில் கிடந்தபோதுதான் தொடரின் வெள்ளிவிழா வந்தது. பழைய காட்சிகளை மறுபடி போட்டார்கள். பெட்டி எதிர்ச் சுவரில் உயரத்தில் இருந்தது. திரும்பிப் படுக்க அவனால் முடியாது. செய்தி தெரிந்து, மேடையில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, தொப்பியும் கோட்டும் கையுறையுமாகப் பெரில் ஓடிவந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்து, வார்டே தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

வில்ஃப் அவள் தொப்பிக்குக் கீழே தேடினான்.

"இறுக்கிக் கண்ணை மூடிட்டுத்தான் இருந்தேன், பெரில். 'யாராச்சும் இருக்கீங்களா'ன்னு நீ கூப்பிட்டே. எப்படித் திறக்காம இருக்க முடியும்?"

கையுறை அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

அவன் வீடு திரும்பிய பிறகும் ஆட்டம் தொடர்ந்து நடந்தது. பெரில் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து, "நான் எப்படி இருக்கேன்?" என்பாள். வில்ஃப் தொப்பிக்குக் கீழே, கோட்டுக் காலருக்கு மேலே, சற்று நேரம் உற்றுப் பார்ப்பான்.

"இடது கண்ணுக்குக் கீழ மை அப்பியிருக்கு, கண்ணு."

கைக்குட்டை மேலெழுந்து அந்த இடத்தைத் துடைக்கும்.