கடிபடாத ஆம்பல் தண்டு

ஆரியசாலைப் பூக்கடைகளுக்கு ஆம்பல் பறித்துக் கொடுப்பவள் தாசம்மாள். தோடு என்று அங்கே சொல்லும் ஓடையில் இடுப்பளவு நீரில் நிற்கும்போது ஒரு கையில் பூக்கட்டு இருக்கும். கட்டுவதற்கான நாரை, தண்டின் தோலைப் பல்லால் கடித்துத்தான் உரிப்பாள். கரையோர வீடுகளில் பூப்பறிக்கிற எல்லோருக்கும் அதே பழக்கம்.

போன மாதம் அங்கே பலருக்கு வயிற்றுவலி, பேதி. சுகாதாரப் பணியாளர் ஜெஸி மலத்தைச் சோதனைக்கு அனுப்பினாள். குடல் தட்டைப்புழு என்று தெரிந்தது. பன்றிக் கழிவிலோ மனிதக் கழிவிலோ உள்ள முட்டை நீரில் கலந்து, நத்தைக்குள் வளர்ந்து, நீர்ச்செடியின் தோலில் ஒட்டிக்கொள்ளும், அதைப் பல்லால் கடித்தால் வயிற்றுக்குள் போகும் என்று விளக்கி, எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தாள்.

செய்தி ஓடைக்கு மேலே உள்ள மேட்டுத் தெருவுக்கு எட்டியது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஞானசிகாமணி எழுந்தார். ஓடையின் மேல்பக்கம் பன்றிக்கூடு வைத்திருப்பவர் அவர்தான்.

"கரையில கெடக்கிறவங்கள வேற எடத்துக்கு மாத்தணும். தோட்டுத் தண்ணிய நாசமாக்குறது அவங்கதான், அல்லே? மேலதிகாரிகள்ட்ட பேசியாச்சு கேட்டோ."

தாசம்மாள் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"எங்க வீட்டுலெல்லாம் கக்கூஸ் இருக்கு சாரே. ஜெஸி வந்து பாத்துட்டுத்தான் போச்சு. ஒங்க பன்னிக்கூட்டுத் தண்ணி எங்க போவுது?"

"அதுக்குத் தனிக் குழி உண்டு. ஒரு சொட்டு தோட்டுல விழாது. எங்க பக்கத்துத் தண்ணி கிளீன்."

அவள் கூடையிலிருந்து ஓர் ஆம்பலை எடுத்து நீட்டினாள்.

"காலம்பற ஒங்க கூட்டுக்கு அடியில பறிச்சது. கிளீன்னு சொல்லுதியளே, ஒரு கடி கடியுங்க. நாங்க இன்னைக்கே வீட்டக் காலி பண்ணுதோம்."

"உப்பு வேணுமா சிகாமணி?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

ஞானசிகாமணி தண்டை வாங்கி வாயருகே கொண்டுபோனார். பிறகு மேசையில் வைத்துவிட்டார்.

"பச்சையாத் தின்ன நான் என்ன பன்னியா?"

"நாங்களும் தின்னல்ல சாரே. பல்லால உரிச்சோம், அவ்வளவுதான்."

சங்கத் தலைவர் வேலப்பன், கூட்டத்துக்கு வந்திருந்த ஜெஸியின் பக்கம் திரும்பினார்.

"குழியப் பாக்காம யாரையும் மாத்த வேண்டா. ஜெஸி, நாளைக்குப் போய்ப் பாரு."

மறுநாள் தாசம்மாள் ஓடையில் இறங்கினாள். பழக்கத்தில் தண்டு வாய்வரை போயிற்று. நிறுத்தினாள். பூக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிச்சாத்திக் கத்தியால் நாரைக் கீறினாள். மேலே, பன்றிக்கூட்டின் பின்புறம் ஜெஸி குழியைத் தேடிக்கொண்டிருந்தாள். கூடவே ஞானசிகாமணி.

"கரைய விட்டு நீ இன்னும் போகலியா?" என்றார், கீழே பார்த்து.

"மொதல்ல அந்தப் பிள்ளைக்குக் குழியக் காட்டுங்க சாரே. நான் இங்கனதான் நிக்கேன்."