தூக்கிய கை

துறைமுகத்தின் கடைசி ஷெட்டில் அவரை எல்லாரும் சிக்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கப்பலுக்கும் ஷெட்டுக்கும் நடுவே நின்று, உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரனுக்குக் கையால் சேதி சொல்வது அவர் வேலை. மேலேயிருந்து பார்த்தால் கீழே நடப்பதில் பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு அவர் கைதான் கண்.

அதற்கு முன்னால் அவரும் மூட்டை சுமந்தவர்தான். சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போய், எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் தொங்கும். இனி முதுகு தாங்காது என்ற நிலையில் கிடைத்த வேலை இது. இதுவும் போனால் மறுபடி மூட்டைதான்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கீழே நிற்கிறவர்களில் யார் உள்ளங்கையை விரித்துக் கையைத் தூக்கினாலும் கிரேன் அப்படியே நின்றுவிடும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. தூக்கினவரே இறக்கும்வரை கொக்கி அசையாது. முதலாளியே வந்து குதித்தாலும் அசையாது. எப்போதோ ஒருவன் பெட்டிக்கு அடியில் நசுங்கிச் செத்த பிறகு, தொழிலாளிகள் தாங்களாகவே போட்டுக்கொண்ட சட்டம் அது.

அவரைச் சமாதானக் குழுவுக்குள் இழுத்துப் போனது மனைவி. அவள் வேலை செய்த தையல் கடையில்தான் குழு கூடும். கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டையில் பள்ளிக்கூடம் என்றும் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் குண்டு விழுகிறதே, நாம் சும்மா இருப்பதா என்று ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் ஆரம்பித்தது. தையல்காரிகள், ஒரு பஸ் கண்டக்டர், மருந்துக் கடைக்காரர் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். அவர் போனது பெஞ்சு தூக்கிப் போடத்தான். போட்ட பெஞ்சிலேயே கடைசியில் உட்கார்ந்து தூங்குவார்.

ஒருநாள் நர்சம்மா, இந்த ஊரிலிருந்தும் குண்டு போகிறது என்கிறார்கள், எப்படிப் போகிறதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை என்றார். தூக்கத்திலிருந்து எழுந்தவர் வாயைத் திறந்தார்.

“எங்க ஷெட் வழியாத்தான் போகுது. பச்சைப் பெட்டி. மேல மிஷின் சாமான்னு எழுதியிருக்கும். எந்த மிஷின்மா அந்தக் கனம் கனக்கும்?”

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓர் அறை அவரைத் திரும்பிப் பார்த்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த ருசியில் இன்னொன்றும் வந்து விழுந்தது.

“அடுத்த தடவை வரட்டும். நான் கையைத் தூக்குறேன். எவன் வந்து இறக்குறான்னு பாத்துடலாம்.”

அன்றிலிருந்து அவருக்கு முன்வரிசை நாற்காலி. முதல் டம்ளர் டீ அவருக்கு. மனைவி தெருவில் அவரோடு நடக்கும்போது அரை அடி வளர்ந்தவள்போல நடந்தாள். அவள் தம்பிதான் கிரேன்காரன். அவன் மட்டும் மசியவில்லை. “மாமா, நீங்க உலகச் சண்டைய நிறுத்துறது இருக்கட்டும். நீங்களும் அக்காவும் போடுற சண்டையில பக்கத்து வீட்டுக்காரன் தூங்க முடியலயாம், முதல்ல அதை நிறுத்துங்க” என்று கூண்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் சீண்டுவான். அவரும் சிரித்துக்கொள்வார். பெட்டி வராதவரை சிரிப்பது சுலபமாக இருந்தது.

பெட்டி வந்தது. ஷெட்டில் அடுக்கடுக்காகப் பச்சை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, பெட்டியைப் பற்றிப் பேச்செடுக்காமல் சாப்பிட்டார். தட்டிலிருந்து கை எடுக்கும் முன்பே மனைவி கேட்டுவிட்டாள், பெட்டி வந்துவிட்டதாமே, தம்பி சொல்கிறான், நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று. நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்றிருந்தேன் என்றார். அவள் நம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சொல்லப் போனாள்.

மறுநாள் காலை குழு முழுவதும் துறைமுகக் கேட்டுக்கு வெளியே அட்டைகளோடு நின்றது. அங்கிருந்து ஆட்கள் தெரியமாட்டார்கள். கூரைக்கு மேலே கிரேனின் கை மட்டும் தெரியும். அது நின்றால் போதும், புரிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். திட்டவில்லை, மிரட்டவில்லை. இறங்கிப்போன தோளில் கையை வைத்து, “வலி எப்படி இருக்கு? மூட்டைப் பக்கம் ஆள் பத்தல, அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் பெட்டி போனது. அடுத்ததுக்குத் தூக்கலாம் என்று நினைத்தார். அடுத்ததும் போனது. வேலை கொஞ்சம் சூடு பிடிக்கட்டும் என்றது மனசு. இப்படியே ஒரு வரிசை பெட்டி கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

அப்போதுதான் ஒரு பெட்டியின் கயிறு வழுக்கியது. ஆள் உயரத்தில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யோசிக்கும் முன்பே அவர் கை மேலே போய்விட்டது. எத்தனையோ வருடப் பழக்கம். கிரேன் நின்றது.

கேட்டுக்கு வெளியே ஒரே ஆரவாரம். கைதட்டல், விசில். நடுவே மனைவியின் குரல் தனியாக அவருக்குக் கேட்டது. பெட்டிக்குக் கயிற்றுக் கட்டு கட்டுகிறவர்கள் அவரையே பார்த்தார்கள். கூண்டிலிருந்து மைத்துனன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. அவன் அவரை அப்படிப் பார்த்து அவர் கண்டதேயில்லை.

அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தூக்கிய கையோடு சும்மா நின்றிருந்தால் போதும். சூப்பர்வைசர் ஓடி வந்தார், பாதியில் நின்றார், சிக்னலின் முகத்தைப் பார்த்தார்.

“கயிறு வழுக்குது” என்றார் இவர். “சரி பண்ணுங்கப்பா.”

கயிற்றைச் சரி செய்தார்கள். அவர் கையை இறக்கி, விரலைச் சுழற்றினார். பெட்டி நிமிர்ந்து பத்திரமாக மேலே போனது. வெளியே கைதட்டல் பாதியில் அறுந்தது. மைத்துனன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது அடி விழும் என்றுதான் நினைத்தார். விழுந்தது வேறு. நர்சம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாக அவ்வளவு நேரம் தடுத்தீர்களே, மிரட்டித்தானே இறக்க வைத்தார்கள் என்று கண் கலங்கினார். கண்டக்டர் முதுகில் தட்டினார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது அவருக்கே தெரியாது, மற்றவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி வலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “இந்தக் கையத்தானே தூக்கினீங்க?” என்று வலது தோளிலிருந்து மணிக்கட்டுவரை தேய்த்துவிட்டாள். பச்சைக் குழந்தையின் கையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கையை எங்கேயாவது கழற்றி எறிந்துவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது.

“கயிறு வழுக்கிச்சு. அதுக்குத்தான் தூக்கினேன். பெட்டி விழுந்துடக் கூடாதுன்னு.”

தேய்த்த கை நின்றது.

“தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் தைலப் புட்டியை மூடினாள். விரல்களை முந்தானையில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

“பெட்டி மிச்சம் இருக்கா?” என்றாள்.

“கொஞ்சம் இருக்கு.”

அவள் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. முடிந்துபோன விஷயம் என்று அவரவர் வேலைக்குப் போயிருந்தார்கள். மனைவியும் தையல் கடைக்குப் போய்விட்டாள். ஷெட்டின் மூலையில் மீதிப் பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியைக் கொக்கியில் மாட்டினார்கள். கட்டு கச்சிதமாக இருந்தது. பெட்டி தரையை விட்டு எழும்பியதும் அவர் கையைத் தூக்கினார்.

கிரேன் நின்றது. யாரும் கைதட்டவில்லை.

“என்ன மாமா, எது கோணல்?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“எதுவும் கோணல் இல்ல. எல்லாம் நேராத்தான் இருக்கு.”

மேலே எஞ்சின் அணைந்தது. மைத்துனன் கூண்டில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். சூப்பர்வைசர் ஓடி வந்து அவரைப் பார்த்துக் கத்தினார், மூட்டை என்றார், வீட்டுக்கு அனுப்புவேன் என்றார். பிறகு மேலே பார்த்துக் கத்தினார்.

“தூக்கினவர் இறக்கட்டும் சார்” என்றான் அவன்.

கட்டு கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியை விட்டு விலகி நின்றார்கள். அவர் தோள் எரிந்தது. இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். இவ்வளவுதான் வேலை. நேற்றும் இவ்வளவுதான் இருந்திருக்கும். நேற்றுப் போன பெட்டிகளின் கனத்தில் கப்பல் தண்ணீரில் அமிழ்ந்து நின்றது. அந்தப் பக்கம் மட்டும் திரும்பாமல், கையை இறக்காமல் நின்றார்.