பார்த்து நின்றவனுக்கு மீன்

தாவீதின் கட்டுரை வெளிவந்திருந்த பத்திரிகையைக் கங்காதரன் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக் கடையில் நின்றபடியே படித்து முடித்தான். வாங்கவில்லை. வாங்கினால் அவனுக்கு மரியாதை செய்ததாகிவிடும் என்று தோன்றியது.

இருவரும் தத்துவத்தில் எம்.ஏ. முடித்து ஒரே டுடோரியலில் பாடம் நடத்தினார்கள். கங்காதரன் சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. தாவீதின் பெற்றோர் திருக்கழுக்குன்றம் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். 1974இல், சென்னைப் பேராசிரியர் செங்கல்வராயன் தன்னிடம் ஆராய்ச்சி செய்ய ஒரே ஒருவரை எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. செங்கல்பட்டில் நடக்கும் கூட்டத்தில் இருவரும் பேச வேண்டும். கேட்டுவிட்டு அவர் முடிவு செய்வார்.

கங்காதரனிடம் ஒரு கொள்கை இருந்தது. ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பது செயலிலேயே இருக்கிறது. செய்தவன் மனதில் என்ன இருந்தது என்பது அடுத்தவருக்குத் தேவையில்லாதது. பசித்தவனுக்குப் பெருமைக்காகப் போட்டாலும் சோறு சோறுதான். தாவீது இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் மறுப்பதற்கு அவனிடம் நல்ல உதாரணம் இருக்கவில்லை.

இப்போது கிடைத்திருந்தது, அதுவும் கங்காதரனின் கடற்கரையிலிருந்து. சதுரங்கப்பட்டினத்தில் கரைவலை இழுத்து மீன் கரைசேர்ந்ததும், ஏலத்துக்கு முன்னால், கயிற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கறிக்கு என்று கொஞ்சம் மீன் அள்ளிப் போடுவார்கள். கங்காதரன் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது தாவீது அதைப் பார்த்திருக்கிறான். உழைத்தானா என்று கேட்காத கருணை அது, அறம் மனதில்தான் தொடங்குகிறது என்று எழுதியிருந்தான். எழுத்து தெளிவாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் காட்சியைப் பார்த்த கங்காதரனுக்கு அதைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. அதுதான் அவனை எரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனான். அவன் அம்மா ஜெகதாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா, தனியா வந்துகீற? தாவீது எங்க?"

"நான் வந்தது பத்தலியா?"

"உன்னத்தான் பெத்ததிலேருந்து பாத்துகினு கீறேன். அவன் ஒருத்தன்தான் கொழம்பு நல்லாகீதுன்னு வாயத் தொறந்து சொல்றான்."

கங்காதரன் சாப்பிடாமல் கரைக்குப் போனான். மாமன் காத்தவராயன் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பார்த்து நிற்பவர்களுக்கு ஏன் மீன் தருகிறீர்கள் என்று கேட்டான். பதில் அவனுக்குத் தெரியும்; மாமன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"இதக் கேக்கத்தான் பெரிய படிப்பு படிச்சியா? பாத்தவன் வயிறெரிஞ்சிகினு போனா வலைக்கு ஆவுமா? கண்ணு வுழுந்துச்சின்னா மறுநா வலை மடியில மீனுக்குப் பதிலா பாசிதான் வரும். நாலு மீனப் போட்டு அனுப்பிடணும்."

கங்காதரன் சிரித்தான். பத்திரிகை வந்த பிறகு அன்றுதான் சிரித்தான். கருணையாவது, மண்ணாவது. விருந்தாளியாக வந்து பார்த்தவன் செய்யக்கூடிய தப்பு. அடுத்த வாரம் முழுக்க இருவரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மாமன் சொன்னதைக் கங்காதரன் அவனிடம் சொல்லவில்லை.

கூட்டத்தில் முதலில் கங்காதரன் தன் கொள்கையைப் பேசினான். மரியாதைக்குக் கைதட்டினார்கள். அடுத்து தாவீது கரைவலையைப் பற்றிப் பேசியபோது பின்வரிசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கூட அதை மடித்து வைத்தார். பேராசிரியர் குறிப்பெடுத்தார். கேள்விகள் உண்டா என்றதும் கங்காதரன் எழுந்தான்.

"நண்பர் பார்த்தது சரி. புரிந்துகொண்டதுதான் தவறு" என்று தொடங்கி, மாமன் சொன்னதை மாமன் குரலிலேயே சொல்லிக் காட்டினான். அரங்கம் சிரித்தது. "மனதில் இருந்தது பயம். அதைக் கருணை என்று அழைக்க முடியாது" என்று முடித்தான்.

தாவீது கொஞ்சம் யோசித்தான். "இது எனக்குத் தெரியாது. நான் எழுதியது பிழைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பேராசிரியர் கங்காதரனைத் தேர்ந்தெடுத்தார்.

மாலையில் இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன்" என்றான் தாவீது. "மொதல்ல இன்னா பேசின? மீன் கெடச்சிதா இல்லியான்னு பாரு, குடுத்தவன் மனச நோண்டாதன்ன. அப்பால எழுந்து, மனசுல பயம் கீது, அதனால கருணை இல்லன்ன. ரெண்டுல எதுக்குடா உனுக்கு சீட்டு?"

"நான் சொன்னது நிஜம்தானே?"

"நிஜம்தான். டீ குடிச்சிகினு இருந்தப்பவே சொல்லியிருக்கலாம். நானே திருத்திக்கினு இருப்பேன்."

கங்காதரன் நடையை வேகப்படுத்தினான். செயலை மட்டும் பார்க்கச் சொன்ன தன் பழைய கொள்கைப்படி அவன் குற்றவாளி இல்லை. சொன்னது உண்மை, அவ்வளவுதான். மனதைப் பார்க்கச் சொல்லி இடத்தை வாங்கிக் கொடுத்த வாதப்படி அவன் தப்ப முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இல்லை.

"நான் போவல. நீ போ. அவர்கிட்ட நானே சொல்றேன்."

"இத எனுக்காக சொல்றியா, உன் மனசு ஆறணும்னு சொல்றியா?"

கங்காதரன் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரெண்டாவதுன்னா வேணாம்" என்றான் தாவீது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் மகாபலிபுரம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கை காட்டினான். முகத்தில் கோபம் இல்லை. கோபப்படாமல் இருக்க அவனால் முடிகிறது என்பது கங்காதரனை மறுபடியும் எரித்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

கங்காதரன்தான் போய்ச் சேர்ந்தான். ஜூலையில் பேராசிரியர் ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டார். "கூட்டத்தில் பேசினதுதானே?"

"இல்லைங்க சார். உண்மையைச் சொல்லியே ஒருத்தன் தப்பு செய்ய முடியுமான்னு பார்க்கணும்."

"உதாரணம் இருக்கா?"

கங்காதரன் டீக்கடையில் வாய் திறக்காமல் இருந்ததில் தொடங்கி, பஸ் நிலையம் வரை சொன்னான்.

"அப்போ பழைய கொள்கை?"

"அது போச்சு சார்."

பேராசிரியர் சிரித்தார். "சரியான கேள்வி கேட்டவர் உங்க நண்பர். நான் ஆளை மாத்தி எடுத்துட்டேன் போலிருக்கு." வேடிக்கையாகத்தான் சொன்னார். கங்காதரனால் சிரிக்க முடியவில்லை.

முதல் அத்தியாயத்தை எழுதியபோது, இந்தக் கேள்வி யாருடையது என்று பக்கத்தின் அடியில் குறிப்பிட வேண்டியிருந்தது. தாவீதின் பெயர், மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக விழுந்திருந்தது. அதை அடித்துவிட்டு, மற்றவற்றின் அளவுக்கே மறுபடி எழுதினான்.