நடந்த வீட்டின் பெயர்ப்பலகை

போர்டுக்காரரின் வீடு அஸ்திவாரத்தை விட்டு இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தக்காளி விலை இறங்கியதும் அதே நாள்தான் என்பதால், தெருவில் பாதிப் பேர் வீட்டைச் சாயங்காலம்தான் கவனித்தார்கள். ஒரேயடியாக ஓடிவிடவில்லை. மெஷின் ஓடுகிற நேரத்தில் மட்டும், நாளுக்கு ஒரு செருப்பு நீளம், யாரையும் இடிக்காமல் நகர்ந்தது. முதலில் வாசற்படி ரோட்டுக்கு வந்தது, பிறகு முன்னறை. சில மாதம் கழித்துப் பார்த்தால் வீடு முழுசாக ரோட்டில் நின்று, சரிவு எந்தப் பக்கம் என்று யோசித்து, தெருக்கோடிக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. தெருக்கோடியில் பழைய கல்குவாரி. தண்ணீர் தேங்கிய பள்ளம், ஆழம் பார்த்தவர் யாரும் மேலே வந்து சொன்னதில்லை. வீடு அதை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தது. கரண்ட் ஆபீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு வயரை நீட்டிக் கொடுத்தார். நகராட்சிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இனி இது முனை வீடு என்று வரியை ஏற்றிவிட்டுப் போனார்.

நடக்கக் காரணம் முன்னறையில் இருந்த ஸ்க்ரோல் சா. பெயர்ப்பலகை அறுக்கிற மெஷின் அது. ஒரு தட்டு, அதன் நடுவில் நூல் போல ஒரு பிளேடு, தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் குதிக்கும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் எந்த வளைவையும் அறுத்துத் தரும். ஊரில் டாக்டர் முதல் டியூஷன் வாத்தியார் வரை எல்லார் பெயரும் அதில் அறுபட்டவைதான். குதிக்கிற பிளேடு மெஷினை உதறும், மெஷின் மேஜையை உதறும், மேஜை தரையை உதறும். இது புது விஷயம் இல்லை. பதினெட்டு வருஷமாக உதறிக்கொண்டுதான் இருந்தது, வீடு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஏன் இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அந்தப் பதினெட்டு வருஷமும் போர்டுக்காரரின் மனைவி சமையற்கட்டிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். மெஷின் எப்போதெல்லாம் ஓடியதோ அப்போதெல்லாம் அதன் சத்தத்துக்கு மேலே பேசினாள். அவர் வெயில் என்றால் அவள் புழுக்கம் என்பாள். அவர் உப்புக் கம்மி என்றால் அவள் நாக்கு சரியில்லை என்பாள். அவர் சும்மா இருந்தால் அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. வீட்டில் கொஞ்சம் அமைதி இருந்தால் தன் கைத்திறமை எங்கேயோ போயிருக்கும் என்று போர்டுக்காரர் டீக்கடையில் சொல்லி வந்தார்.

அமைதி கிடைத்தது. ஊர் முழுக்கப் பலகை மாட்டியவர் கடைசியில் தன் வீட்டுக்கும் ஒன்று அறுத்தார். நல்ல தேக்கு. முதல் வரியில் தன் பெயர், அடுத்து காலமான அப்பா பெயர், அதற்கடுத்து தொழில், கீழே கொட்டை எழுத்தில் 'நாய் ஜாக்கிரதை'. அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. மனைவி பலகையை மேலிருந்து கீழே படித்தாள், பிறகு கீழிருந்து மேலே படித்தாள்.

"என் பேரு?"

"உன் பேர்ல சுழி ஜாஸ்தி. ஒவ்வொரு சுழிக்கும் ஓட்டை போட்டு, பிளேட கழட்டி உள்ள விட்டு, திரும்ப மாட்டணும். ஆட்டத்துல உடஞ்சிடும். யாரு மெனக்கெடறது?"

நேர்மையான பதில்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், அதன் பிறகு அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், பால்காரரோடும் பக்கத்து வீட்டு அக்காவோடும் பூனையோடும்கூட மணிக்கணக்கில் பேசினாள். அவரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வீடு நடப்பது மெஷினின் கோளாறு என்று போர்டுக்காரர் உடனே கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனைவியின் தம்பி மெஷின் கடை வைத்திருந்தது இன்னும் வசதியாகப் போயிற்று. அடி கனமாக இருந்தால் ஆட்டம் அடங்கும் என்று அவன் வார்ப்பிரும்பு அடிப்பாகம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். வீடு கனத்தோடு நடந்தது. அடுத்து ரப்பர் கால்கள் வந்தன. வீடு சத்தமில்லாமல் நடந்தது, அதற்கு அக்கம்பக்கத்தார் நன்றி சொன்னார்கள். ஏறுமாறான தரையில் நாலு கால் ஆடும், மூன்று கால் ஆடாது என்று மூன்று கால் ஸ்டாண்டு வந்தது. ஸ்டாண்டு ஆடவில்லை, வீடு நடந்தது. ஸ்டாண்டைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினார்கள். அதுவரை செருப்பு நீளம் போன வீடு அன்றிலிருந்து முழக்கணக்கில் போனது. கடைசியாகப் புது மெஷினே வந்தது, உள்ளே எதிரெடை வைத்தது.

"பிளேட பிடிச்சிருக்கிற இரும்புக் கை மேல போறப்ப இந்த எடை கீழ போகும் மாமா. கை கீழ வந்தா இது மேல போகும். ஒண்ணோட உதறல இன்னொண்ணு தின்னுடும். இதுக்கு மேல உலகத்துலயே வழி கிடையாது," என்றான் மச்சினன். போகிற போக்கில், "அக்கா ஏன் உங்ககிட்ட பேச மாட்டேங்குது?" என்றும் கேட்டான்.

"அவளுக்கு வேலை ஜாஸ்தி மாப்ள," என்றார் போர்டுக்காரர், எதிரெடையைத் தடவிக்கொண்டே. புது மெஷின் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. டம்ளரோடு வீடு நடந்தது.

மெஷினை நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கத் தெருவில் ஆள் இல்லாமல் இல்லை. நிறுத்தினால் அடுப்பு எரியாது. அதைவிட, தப்பு தன் பக்கம் என்று ஆகிவிடும். இப்படியே இரண்டு வருஷம் போய், ஒரு மத்தியானம் சமையற்கட்டுச் சுவர் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. மனைவி அரிசி களைந்த தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றினாள், அது வெகு நேரம் கழித்து எங்கோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. விழுந்தால் முதலில் விழப்போவது சமையற்கட்டு, அதில் நிற்கிறவள். போர்டுக்காரர் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். வீடு நிற்கவில்லை. இரண்டு வருஷப் பழக்கம், சொன்னவுடன் விடுமா?

"வெளிய வந்துடு," என்று கத்தினார். அவள் காது கேளாதவள் போல வெங்காயம் நறுக்கினாள். சுவரில் மாட்டிய கரண்டிகள் எல்லாம் கிணுகிணுத்தன. தரை பள்ளத்துப் பக்கம் சரிய ஆரம்பித்தது. போர்டுக்காரர் வாசலுக்குப் பாய்ந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்ற பெருமையும் அவர் நின்ற தோரணையில் கொஞ்சம் இருந்தது.

"கடைசில கொஞ்சம் இடம் இருக்கு," என்றார். "நாய்க்குப் பக்கத்துல. சின்ன எழுத்தா போட்டா பரவாயில்லையா?"

கத்தி நின்றது.

"சின்ன எழுத்தா?" என்றாள் அவள். "இல்லாத நாய்க்கு கொட்டை எழுத்து, இருக்கிற எனக்கு சின்ன எழுத்தா? இருபது வருஷமா உங்க மரத்தூள யாரு பெருக்குனது, நானா நாயா? காய்ச்சல்ல கிடந்தப்ப பக்கத்துல உக்காந்திருந்தது நாயா? சுழி ஜாஸ்தியாம்! கல்யாணப் பத்திரிகைல அடிச்சப்ப ஜாஸ்தியா தெரியலையா?"

கரண்டிகள் அடங்கின. ஆட்டம் நின்றது போர்டுக்காரரின் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. வீட்டின் எதிரெடை இத்தனை வருஷமும் சமையற்கட்டில் இருந்தது என்று அப்போது அவருக்கு விளங்கியது, அவ்வளவு பெரிய மண்டைக்குத் தாமதம் சகஜம்தான். அந்தக் குரல் இல்லாத இரண்டு வருஷமும் தான் எவ்வளவு பயந்து கிடந்தோம் என்பதும் கூடவே தெரிந்து கண் கலங்கியது. முன்னறைக்கு ஓடிப் புதுப் பலகையை வைத்து மெஷினைப் போட்டார். அவள் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். முதல் சுழி உடையவில்லை, இரண்டாவதும் உடையவில்லை. அவள் மூச்சு வாங்க நின்றபோது மட்டும் வீடு லேசாகச் சிலிர்த்தது.

"நிறுத்தாத," என்றார் அவர், பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு."

"நான் எப்ப நிறுத்தணும்னு நீங்க சொல்லாதீங்க," என்று அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

வீடு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அங்கே இப்போது லாரி நிறுத்துகிறார்கள். சமையற்கட்டு பாதி பள்ளத்தின் மேல்தான் நிற்கிறது, காற்று நன்றாக வருகிறது என்று அவள் சொல்கிறாள், ஈரக்காற்று என்று அவர் சொல்கிறார். அவள் தன் தம்பி வீட்டுக்குப் போகிற நாளில் மெஷின் ஓடாது, பலகை கேட்டு வருகிறவர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். வாசலில் புதுப் பலகை தொங்குகிறது. மேலே அவள் பெயர், ஒரு சுழி குறையாமல். கீழே, அவள் சொன்னபடி, அதே அளவில் 'நாய் ஜாக்கிரதை'. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போர்டுக்காரர் பெயரும் உண்டு, கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது.