பெஞ்சமினின் படுக்கைப் பங்காளி

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. ஊரே அருவியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தென்காசியில் அய்யாத்துரை மட்டும் பீரோவிலிருந்து சட்டையை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். எழுபத்தொரு வயசு. கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் மெக்கானிக்காகப் பதினைந்து வருஷம் இருந்தவர். அன்றைக்கு அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

"போறியளா, இல்ல பீரோவத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டே இருக்கப் போறியளா?" என்றாள் மனைவி சங்கரம்மாள்.

"போவுதேன், போவுதேன்."

"பெஞ்சமின் அண்ணனப் பத்திப் பேச உங்கள விட்டா வேற ஆளு யாரு இருக்கா?"

அதுதானே வினையே. வேறு ஆள் இல்லை.

தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் நீர்மூழ்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சீசன் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் கூடுவார்கள். முதலில் ஐந்தருவியில் குளியல். பிறகு ஒரு சின்ன மண்டபத்தில் உட்கார்ந்து அந்த வருஷம் செத்துப்போனவர்களை நினைத்துப் பேசுவார்கள். பிறகு இலை போட்டுச் சாப்பாடு. ஆரம்பித்த வருஷம் பதினொரு பேர் இருந்தார்கள். இப்போது நாலு பேர்.

இழவுக் கூட்டத்துக்கு முன்னால் என்ன அருவிக்குளியல் என்று வெளியாள் கேட்கத்தான் செய்வான். அவனைக் கொண்டுபோய் அந்தக் கப்பலுக்குள் ஒரு மாசம் அடைத்துப் போட்டால் தெரியும். சுற்றிலும் கடல் கிடக்கும், குளிக்கத் தண்ணீர் கிடையாது. முகம் கழுவ ஒரு குவளை. உடம்பெல்லாம் டீசல் நாற்றம். வேர்வையில் ஊறிப்போய்க் கிடக்கும்போது பெஞ்சமின்தான் சொல்லுவான்: "ஏலே, ஊருக்குப் போனதும் ஐந்தருவியில போயி நிக்கணும்லே. சோப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சும்மா நிக்கணும்." அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கூட்டம்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. செத்தவனைப் பற்றி அவனுடைய படுக்கைப் பங்காளிதான் முதலில் பேச வேண்டும்.

அந்தக் காலத்துக் கப்பலில் ஆளுக்கு ஒரு படுக்கை கிடையாது. இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவன் வேலைக்குப் போனால் இன்னொருவன் அதே மெத்தையில், முன்னவனுடைய சூடு ஆறுவதற்குள் படுத்துக்கொள்வான். அய்யாத்துரையும் பெஞ்சமினும் அப்படி ஆறு வருஷம் ஒரு படுக்கையைப் பங்குபோட்டவர்கள். வேடிக்கை என்னவென்றால், கப்பலுக்குள் அவர்கள் உட்கார்ந்து பேசியதே குறைவு. ஒருவன் முழித்திருக்கும்போது மற்றவன் தூங்குவான். ஆனாலும் ஒருவன் வேர்வை மற்றவனுக்குத் தெரியும், இருமல் தெரியும், தூக்கத்தில் எந்தப் பெயரைச் சொல்லிப் புலம்புவான் என்பதும் தெரியும். கூடப் பிறந்தவர்களுக்குக்கூட அவ்வளவு தெரியாது.

அங்கே எழுதாத கட்டளை ஒன்று இருந்தது. தூங்குகிறவனை அவன் நேரம் வருவதற்கு முன்னால் எழுப்பக் கூடாது. தூங்குகிறவன் குறைவாக மூச்சு விடுவான், மற்றவர்களுக்குக் காற்று மிச்சம். அதோடு, அந்த நரகத்தில் தூக்கம் ஒன்றுதான் மனுஷனுக்குச் சொந்தமாக இருந்தது. அதைக் கெடுத்தவன் அடி வாங்கியிருக்கிறான். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்தும் அய்யாத்துரை வீட்டில் யாராவது தூங்கினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்.

அந்தப் பழக்கம்தான் மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை அவர் குடியைக் கெடுத்தது.

பெஞ்சமினுக்கு நுரையீரலில் புற்று. கடையத்தில் வீட்டோடு கிடந்தான். அவன் மனைவி தங்கபுஷ்பம் போன் பண்ணும்போதெல்லாம் அய்யாத்துரை, "வாரேன் தங்கச்சி" என்று சொல்லுவார். சொல்லிச் சொல்லியே இரண்டு மாசம் போயிற்று. நேரமில்லாமல் இல்லை. பயம். போய் என்ன பேசுவது என்ற பயம். கடைசியில் ஒரு வியாழக்கிழமை மதியம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். போனால், வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே பெஞ்சமின் மட்டும் கண்ணை மூடிக் கிடந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பாதியாகக் கரைந்து போயிருந்தான். அய்யாத்துரை பக்கத்தில் கிடந்த நாற்காலியில் அரைமணிக்கு மேல் உட்கார்ந்திருந்தார். எழுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாக எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார்.

தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அது வசதியாகவும் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள நாலு மாசம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் சாவுச் செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போனவரைப் பார்த்ததும் தங்கபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உசுரோட இருக்கையில எட்டிப் பாக்காதவிய, இப்ப மட்டும் எதுக்கு வாராவளாம்?" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னாள். வந்தேன் என்று அந்த இடத்தில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வந்துவிட்டு எழுப்பாமல் போனேன் என்பது வராமலே இருந்ததைவிடக் கேவலமாகப் பட்டது.

கடைசியில் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு குற்றாலம் போய்ச் சேர்ந்தார். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். அகமது கபீர், இந்தக் கூட்டத்துக்குத் தலைவர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டே நின்றார். அய்யாத்துரையைப் பார்த்ததும், "ஏலே, சீக்கிரம் வந்து தலையக் கொடு. வருசத்துக்கு ஒருக்கத்தான் குளிக்கே. அதுலயும் லேட்டா?" என்று சத்தம் போட்டார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். போன வருஷம் இதே கம்பிக்குப் பக்கத்தில் பெஞ்சமின் நின்று இருமினான். சளி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அய்யாத்துரை தலையைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

மண்டபத்தில் பெஞ்சமின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சீருடையில் எடுத்த பழைய படம். பெஞ்சமினுக்குச் சோனார் அறையில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலுக்குள் வருகிற சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும். கப்பலுக்குக் கண் கிடையாது, அவன் காதுதான் கண். தூரத்தில் போவது சரக்குக் கப்பலா, மீன்பிடிப் படகா, இல்லை இறால் கூட்டம் கொடுக்கைச் சொடுக்கும்போது எண்ணெயில் பொரிகிற மாதிரி வருமே, வெறும் அந்தச் சத்தமா என்று அவன் சொல்லிவிட்டால் கேப்டன் மறுகேள்வி கேட்க மாட்டார். எழுபது பேர் உயிர் அந்தக் காதை நம்பிக் கிடந்தது. எஞ்சின் பக்கத்திலேயே நின்று இடது காது மந்தமாகிப்போன அய்யாத்துரையிடம் அவன் சொல்லுவான்: "நீ சத்தம் போடுதவன், நான் சத்தம் கேக்குதவன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே படுக்கையக் கொடுத்திருக்கான் பாரு."

பத்து மணிக்குத் தங்கபுஷ்பம் மகள் ஜெனியோடு வந்து இறங்கினாள். வெள்ளைச் சேலை. ஜெனியை உள்ளே அனுப்பிவிட்டு, நேராக மண்டபத்து வாசலில் நின்ற அய்யாத்துரையிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த. நீங்க இன்னைக்குப் பேச வேண்டாம்."

அய்யாத்துரை உள்ளே மைக் பக்கம் நின்ற கபீரைத் திரும்பிப் பார்த்தார்.

"கபீர் அண்ணாச்சி சட்டம்னு சொல்லுதாவ. என்ன சட்டம்? ரெண்டு மாசம் கெடையாக் கெடந்தாவ. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா, யாருன்னு பாரு, அய்யாத்துரையான்னு கேப்பாவ. கடையம் என்ன சிலோன்லயா இருக்கு? பஸ்ஸு ஏறுனா வந்துரலாம். வராதவிய இப்ப மைக்கு முன்னால நின்னு அவியளப் பத்தி என்னத்தப் பேசப் போறிய?"

"தங்கச்சி..."

"எனக்கு மகன்னு ஒருத்தன் இருந்தா அவன் பேசுவான். இல்ல. ஜெனி பேசட்டும். நீங்க பேசுனா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

நியாயமான பேச்சு. சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவள் கோபம் அவளுக்கு, இவர் குற்றம் இவருக்கு என்று அதோடு முடிந்திருக்கும். ஆனால் நாலு மாசமாகத் தொண்டையில் நின்றது அந்த நேரத்தில் வெளியே வந்துவிட்டது.

"நான் வந்தேன் தங்கச்சி."

"அடக்கத்துக்கு வந்திய."

"இல்ல. அதுக்கு முந்தின நாள். வியாழக்கெழம. நாலு மணி இருக்கும். நீ வீட்டுல இல்ல. கதவு சாத்துனாப்புல இருந்துச்சு. உள்ள வந்து உக்காந்தேன். அவன் தூங்கிக்கிட்டிருந்தான். எழுப்பல. எழுப்ப மனசு வரல. பேசவும் பயம். அப்படியே வந்துட்டேன். இதத்தான் இத்தன நாளா சொல்லாம இருந்தேன். ஏசணும்னா ஏசிக்கோ."

தங்கபுஷ்பம் ஏசவில்லை. முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது, ஆனால் கண் மட்டும் மாறியது.

"வியாழக்கெழமையா?"

"ஆமா."

"நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். ஒரு கடையில இல்லைன்னு அடுத்த கடைக்கு நடந்தேன்." பிறகு, "எங்கன உக்காந்திருந்திய?" என்று கேட்டாள்.

"நாக்காலியில."

"கட்டிலுக்கு எந்தப் பக்கம்?"

"சன்னல் பக்கம்."

அவள் கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அய்யாத்துரை பயந்துபோய்ப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள்.

"அவிய சொன்னாவ அண்ணாச்சி. நான் வந்து மருந்தக் கரைச்சிக்கிட்டிருக்கேன், அய்யாத்துரை போயிட்டானா, அவனுக்குக் காப்பி கொடுத்தியான்னு கேட்டாவ. யாரும் வரலியேன்னேன். இல்ல புஷ்பம், சன்னல் பக்கம் உக்காந்திருந்தான்; கண்ணத் தொறக்க முடியல, வாயி வரல, ஆனா மூச்சு கேட்டுச்சு; அவன் மூச்சு எனக்குத் தெரியாதான்னு சொன்னாவ."

அய்யாத்துரை இன்னொரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு உங்க மேல ஆத்திரம். அந்த ஆளு வரவும் மாட்டாரு, ஒண்ணும் மாட்டாரு, மாத்திர மயக்கத்துல கனவு கண்டிருக்கியன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். இல்ல இல்லன்னு ரெண்டு மட்டம் சொன்னாவ. நான் கேக்கல. கனவுதான், பேசாமப் படுங்கன்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'அப்ப என் காதும் போயிட்டு, புஷ்பம்'னு சொன்னாவ. அதுதான் கடைசி. அதுக்குப் பெறகு பேச்சே இல்ல. விடியக்காலம் போயிட்டாவ."

நாலு மாசமாக அவள் பிடித்துக்கொண்டு நின்றது அய்யாத்துரை மேல் வைத்த அந்தக் கோபத்தைத்தான். அதையும் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு இப்படி ஒன்றை அவள் மடியில் போட்டாயிற்று. தன் பாரம் இறங்கினால் போதும் என்றுதானே வாயைத் திறந்தோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உள்ளேயிருந்து கபீர் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்.

"நான் பேசலன்னு சொல்லிருதேன் தங்கச்சி."

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இல்ல. நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய், முதல் வரிசையில் ஜெனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அய்யாத்துரை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எந்த வருஷம் சேர்ந்தான், எந்த வருஷம் என்ன பதக்கம் வாங்கினான், எப்படிச் சிரிக்க வைப்பான் என்றெல்லாம் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பெஞ்சமின் செத்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஒருத்தன் போனான். தூங்குதான்னு நெனச்சு எழுப்பாம உக்காந்திருந்துட்டு, ஒரு வார்த்த பேசாம வந்துட்டான். அது பெரிய தப்பு. அந்தத் தப்பு அவன் ஒருத்தனோடது, வேற யாரோடதும் இல்ல. பெஞ்சமின் கண்ணத் தொறக்காமலே, மூச்ச மட்டும் கேட்டு, வந்தது இன்னாருன்னு பேரு சொல்லியிருக்கான். அவன் சொன்னது சரி. வந்தது நான்தான். கப்பல்ல இருந்த காலத்துலயும் சரி, சாவப்போற அன்னைக்கும் சரி, அவன் காது ஒருநாளும் தப்பாக் கேட்டதில்ல. அது அவனுக்குத் தெரியாமப் போயிட்டு. உங்களுக்காவது தெரியட்டும்."

அவ்வளவுதான். இன்னும் ஏதோ பேசப் போகிறார் என்று கபீர் காத்துக்கொண்டிருந்தார். அய்யாத்துரை மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். முதல் வரிசையில் தங்கபுஷ்பம் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பா இறந்ததிலிருந்து அம்மா அப்படி அழுது தான் பார்த்ததில்லை என்று ஜெனி அப்புறம் சொன்னாள். அய்யாத்துரை போய் அவர்களுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் அவரைப் பார்க்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.