ஜிபாரா பெயரில் ஏறிய மணிநேரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பிஷ்கெக் நகரத்தில், எங்கள் கட்டிடத்துக்குக் கீழே இருக்கும் சம்சாக் கடையில். மூன்றாம் மாடி மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஜிபாரா சொன்னாள். அவள் முடித்தபோது இரண்டு பேர் தட்டிலும் சம்சா ஆறிப்போயிருந்தது. அன்றிலிருந்து இதற்கு முதல் வரி தேடுகிறேன்.

"அலா-தூ மலைகளில் பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில்..." (வேண்டாம். அந்த அலுவலக ஜன்னலில் எதிர்க்கட்டிடச் சுவர்தான் தெரியும்.)

"ஜிபாரா திரையைப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டது." இது போதும்.

2

ஜிபாரா திரையைப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டது. அம்மாவைப் பக்கவாதம் சாய்த்ததிலிருந்து அவள் நரின் ஊர் மருத்துவமனையிலேயே கிடந்தவள். வசந்தம் முழுக்க ஒரு வேலையையும் தொடவில்லை. ஆனால் யார் எதை முடித்தார்கள் என்று காட்டும் திட்டப்பலகையில் அவள் பெயருக்கு நேரே எல்லாக் கட்டங்களும் பச்சை. கெடுவுக்கு முன்பே முடிந்த வேலைகள்!

"என்னடா இது?" என்றாள் பக்கத்து இருக்கை மிர்லானிடம்.

"அஷார், அக்கா." (ஒருவர் வீடு கட்டினால் ஊரே கூலியில்லாமல் வந்து சுவர் எழுப்பிக் கொடுப்பது.) "உன் லீவு தீந்துபோச்சு. நீ வேலை செய்யலன்னு தெரிஞ்சா தூக்கிருவாங்க. நாங்க நாலு பேரும் உன் வேலையப் பிரிச்சுக்கிட்டோம். லீவு எழுதச் சொல்லிக் கடவுச்சொல் குடுத்தேல்ல? அதுலயே நுழைஞ்சு உன் பேர்லயே நேரத்தையும் ஏத்திட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடா!"

"சொன்னா வேணாம்ப. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுறவகிட்ட இதெல்லாம் கேப்பாங்களா? அழுவாத. போர்சோக் பலகாரம் சுட்டுக் கொண்டா, சரியாப்போச்சு. போன தடவை மாதிரி கல்லாட்டம் சுடாத."

3

(இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.)

எனக்குச் சந்தேகமான பாத்திரம் மேலாளர் தைர்பெக். அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஜிபாராவின் அம்மாவுக்கு உடம்பு தேற ஆள் மூலம் குதிரைப்பால் அனுப்பியவர். அவரை நல்லவராகவே விட்டேன். அதனால் கதை இன்னும் மோசமாகிவிட்டது.

4

அன்று மதியமே கூப்பிட்டார்.

"வாம்மா, உக்காரு. அம்மா பேசுறாங்களா?"

"பேசுறாங்க அண்ணே. திட்டவும் ஆரம்பிச்சுட்டாங்க."

"அப்போ பொழச்சாச்சு." சிரித்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். "முதலாளிங்க ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. எனக்கு யார்மேலயும் கோபமில்ல. பலகை என்ன சொல்லுதுன்னு மட்டும் பாத்தேன்."

நாலு பெயர்கள் சாம்பல் நிறத்தில். முதல் பெயர் மிர்லான்.

"வசந்தம் பூரா இவன் பேர்ல பாதி நேரம்தான் ஏறியிருக்கு, மீதி நாள் சும்மா இருந்திருக்கான். மத்த மூணு பேரும் அப்பிடித்தான். நீ ஆஸ்பத்திரியில இருந்துகிட்டே இவ்வளவு செஞ்சிருக்க! நாலு பேர் வேலையையும் நீ ஒருத்தியே தாங்குவேன்னு பலகையே அட்டவணை போட்டுருச்சு."

அவள் பார்த்தாள். நாலு பேரின் வேலைகளும் வரிசையாக அவள் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தன. அவள் மனம் ஒரு

(ஒரு என்ன? ஜிபாராவிடமே கேட்டேன். "அந்த நேரத்துல மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே," என்றாள்.)

5

முடிவுகள்.

உண்மையைச் சொல்கிறாள். பொய்ப்பதிவுக்காக ஐந்து பேருக்கும் வேலை போகிறது. அம்மாவின் மருந்தும் அதோடு போகிறது.

வாயை மூடிக்கொள்கிறாள். நாலு பேர் மட்டும் போகிறார்கள்.

தைர்பெக்கும் சின்ன வயதில் அஷாருக்கு மண் சுமந்தவர்தானே, விஷயம் தெரிந்ததும் தொடையில் தட்டிச் சிரிக்கிறார், எல்லோரையும் (இந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சிரிப்பார். முதலாளிகளுக்கு அனுப்பிய பட்டியல் சிரிக்காது.)

6

"என்னம்மா, இதெல்லாம் நீ செஞ்சதுதானே?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மிர்லான் நிற்கிறான். அவள் முகத்தையும் திரையையும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையை மெல்ல ஆட்டுகிறான்: சொல்லாதே.

ஜிபாரா வாயைத் திறந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள். எழுதும்போது, யார் பேரில் எழுதுகிறீர்கள் என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.