பெண்கள் பக்கத்துக் கேமரா

பரங்கிப்பேட்டை நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்க என் வீட்டுக்காரர் சித்தார்த் என்னைத்தான் அனுப்புவார். இந்த முறை, தான் புதிதாக வாங்கிய பெரிய கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அந்த லென்ஸைத் தூக்கியதுமே பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார்கள். எரிச்சலில் அதைப் பைக்குள் திணித்தேன். என் பழைய சின்னக் கேமராவை எடுத்த பிறகுதான் பேச்சும் சிரிப்பும் திரும்பின. மகளுக்கு வளையல் போட்டுவிடும்போதே மணப்பெண்ணின் அம்மா அழுதுவிட்டார்; அதை அப்படியே படமெடுத்தேன்.

கடலூர் திரும்பியதும் சித்தார்த் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"புள்ளி புள்ளியா இருக்கே. புதுசுல எடுத்திருந்தா பளிச்சுன்னு வந்திருக்கும்."

"புதுசுல எடுத்திருந்தா அந்தம்மா அழுதிருக்கவே மாட்டாங்க, மாமா."